புண்ணாக்கில் மூடாக்குத் தாள்: இளக்கி எது என்று கேட்ட பிறகே காசை எடுக்க வேண்டும்

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் தக்காளி, மிளகாய், தர்பூசணி பயிரிடும் தோட்டங்களில் கருப்பும் வெள்ளியும் கலந்த மல்ச்சிங் சீட் இன்று சாதாரணமாகிவிட்டது. சொட்டு நீர்க் குழாயைப் பாத்தியில் இழுத்து, மேலே சீட்டைப் போர்த்தி, துளையிட்டு நாற்று நட்டால் களை கட்டுப்படுகிறது, ஈரமும் நிற்கிறது. களை எடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய உதவி. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், அறுவடை முடிந்த பிறகு அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். வெயிலில் நைந்த சீட்டை இழுத்தால் முழுதாக வருவதில்லை. பாதி கையோடு வருகிறது. மீதி மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. ரோட்டவேட்டர் ஓட்டினால் கத்தியில் சுற்றிக்கொள்கிறது. வரப்போரம் குவித்ததைச் சிலர் கொளுத்துகிறார்கள். ஆடிக்காற்றில் பறந்தது வாய்க்காலிலும் நொய்யல் கரையிலும் மலையடிவாரத்திலும் போய்ச் சேர்கிறது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் குப்பை இருந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது குப்பைமேட்டு பிளாஸ்டிக் என்றாலும், காற்றுக்குக் குப்பைமேடும் தோட்டமும் ஒன்றுதான்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. நாடு முழுவதற்கும் 2022 ஜூலை 1 முதல் இத்தகைய தடை அமலுக்கு வந்தது. மல்ச்சிங் சீட் இந்தத் தடைகளில் சேரவில்லை. எனினும் அதற்கு மாற்று வேண்டும் என்ற பேச்சு வலுத்து வருகிறது. அந்த மாற்றுகளில் ஒன்றாகச் சொல்லப்படுவதுதான் கடலை, சோயா, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை போன்றவற்றின் புரதத்திலிருந்து செய்யும் மக்கும் தாள். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்து காட்டிவிட்டன.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கே தோட்டத்துக்குப் போர்வையாகி, பிறகு எருவுமாகிவிடும் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் இந்தத் தாளின் நன்மையும் தீமையும் புண்ணாக்கில் இல்லை. அதோடு சேர்க்கும் இன்னொரு பொருளில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் தாளில் காசு போடுவது சிறு விவசாயிக்கு ஆபத்து.

அப்பளம் சொல்லும் பாடம்

வீட்டில் உளுந்து அப்பளம் இடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் விளங்கும். தேய்த்து எடுத்த ஈர அப்பளத்தை மடக்கலாம், சுருட்டலாம். வெயிலில் காய்ந்த அப்பளத்தை மடக்கினால் பொட்டென்று உடைகிறது. உளுந்து அதே உளுந்துதான். வித்தியாசம் தண்ணீரில் மட்டுமே. அதே காய்ந்த அப்பளம் ஐப்பசி மழையில் நமத்துப்போய் மீண்டும் துவள்கிறது.

பாலைக் காய்ச்சினால் படியும் ஆடையும் இப்படியே. சீனாவிலும் ஜப்பானிலும் சோயாப் பாலைக் காய்ச்சி, மேலே படியும் ஆடையை எடுத்து உலர்த்தி உணவாக வைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் இதற்கு யூபா என்று பெயர். காய்ந்த யூபா அப்பளம் போல நொறுங்கும். தண்ணீரில் ஊறவைத்த பிறகே மடித்துச் சமைக்கிறார்கள். தாவரப் புரதத்தால் தாள் செய்யலாம் என்பதற்கு மிகப் பழைய சான்று இதுவே.

புரதம் என்பது நீண்ட நூல் போன்ற மூலக்கூறுகளால் ஆனது. இந்த நூல்கள் ஒன்றை ஒன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஈரம் வற்றியதும் பிடி இன்னும் இறுகுகிறது. அப்போது தாள் விறைத்து, வளைக்கப் போனால் உடைகிறது. இரண்டு நூல்களுக்கும் நடுவே சிறு மூலக்கூறுகளைப் புகுத்தினால் பிடி தளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். தாளும் வளையும். இப்படி நடுவே புகுந்து இளக்கும் பொருளைத்தான் ஆங்கிலத்தில் பிளாஸ்டிசைசர் என்கிறார்கள். தமிழில் இளக்கி என்று சொல்லலாம்.

தண்ணீரே ஓர் இளக்கிதான். ஆனால் அது வெயிலில் பறந்துவிடும். பறக்காமல் தங்கும் இளக்கி தேவை. அதற்கு அதிகம் பயன்படுவது கிளிசரின்.

கற்பூரம் முதல் பி.வி.சி. ஓஸ் வரை

இளக்கி என்பது புதுச் சரக்கல்ல. 1870-ல் அமெரிக்காவில் ஹையாட் சகோதரர்கள் பஞ்சிலிருந்து பெறும் நைட்ரோ செல்லுலோஸ் என்ற பொருளோடு கற்பூரத்தைச் சேர்த்து செல்லுலாய்டு செய்தார்கள். பொம்மையும் சீப்பும் சினிமாச் சுருளும் அதிலிருந்து வந்தன. கோயிலில் ஏற்றும் கற்பூரமே அங்கே இளக்கியாக வேலை செய்தது.

ஒவ்வொரு தோட்டத்திலும் இதற்குச் சான்று கிடக்கிறது. கிணற்று மோட்டாரிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பி.வி.சி. குழாய் விறைப்பானது, வளைத்தால் உடையும். அதே பி.வி.சி.யில் செய்த ஓஸ் பாம்புபோல் வளைகிறது. ஓஸில் இளக்கி சேர்த்திருக்கிறார்கள், குழாயில் சேர்க்கவில்லை. பழைய ஓஸ் சில ஆண்டுகளில் விறைத்து வெடிப்பதற்கு ஒரு காரணம், அதிலிருந்த இளக்கி மெல்ல வெளியேறிவிடுவது.

இந்த வெளியேற்றம்தான் இளக்கிகளின் பொதுவான பலவீனம். பி.வி.சி.யில் பல காலம் சேர்க்கப்பட்டு வந்த தாலேட் வகை இளக்கிகள் சில, உடலின் சுரப்பிகளைப் பாதிக்கும் என்று தெரிந்ததால், ஐரோப்பிய நாடுகள் 2007 முதல் குழந்தைப் பொம்மைகளில் அவை 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தின. ஆக, தாள் எதனால் ஆனது என்று கேட்பதோடு, அதை இளக்கியது எது, அது எங்கே போய்ச் சேரும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மல்ச்சிங் சீட் செய்யப் பயன்படும் பாலித்தீன் இயல்பிலேயே வளையக்கூடியது. அதற்கு இப்படிப்பட்ட இளக்கி தேவையில்லை. புண்ணாக்குத் தாளோ இளக்கி இல்லாமல் ஒரு நாளும் நிற்காது. இரண்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

தென்னந்தோப்பில் இருக்கும் கிளிசரின்

கிளிசரின் கொங்கு நாட்டுக்கு அந்நியமானதல்ல. எல்லா எண்ணெயிலும் அது அடங்கியிருக்கிறது. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஷீலே 1779-ல் ஆலிவ் எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தார். எண்ணெயோடு காரம் சேர்த்துச் சோப்பு காய்ச்சும்போது கிளிசரின் பிரிந்து வருகிறது. தேங்காய் எண்ணெயில் இது சற்று அதிகம். 100 கிலோ எண்ணெயிலிருந்து ஏறக்குறைய 13 கிலோ கிளிசரின் கிடைக்கும். மருந்துக் கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ மாத்திரை ஆகியவற்றின் மெத்தென்ற உறையில் இருப்பதும் கிளிசரினே. அந்த உறை ஜெலட்டின் என்ற விலங்குப் புரதம். அதைக் கிளிசரின் இளக்கியிருக்கிறது.

புண்ணாக்குத் தாள் செய்யும் முறையும் சிக்கலானதல்ல. எண்ணெய் நீக்கிய மாவிலிருந்து புரதத்தைக் காரத் தண்ணீரில் கரைத்துப் பிரிக்கிறார்கள். அதில் கிளிசரின் சேர்த்துச் சூடாக்கி, சமதளத்தில் மெல்லியதாக ஊற்றி உலர்த்துகிறார்கள். பெரும்பாலும் 100 பங்கு புரதத்துக்கு 20 முதல் 50 பங்கு வரை கிளிசரின் சேர்க்கப்படுகிறது. குறைத்தால் தாள் உடையும். கூட்டினால் பிசுபிசுக்கும், இழுத்தவுடன் நீண்டு அறுந்துவிடும்.

கடலையும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மண்; தென்னை நிற்கும் மண். மூலப்பொருள் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அப்படியிருக்க, ஏன் தயங்க வேண்டும் என்று கேட்கலாம். தயங்க வேண்டிய காரணங்கள் இரண்டு.

முதல் காரணம்: வானிலை

கிளிசரின் தண்ணீரில் கரையும் பொருள். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்து மேசையில் இருக்கும்வரை இது குறையாகத் தெரியாது. தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் தாள் துவண்டு பிசுபிசுக்கும். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் கிளிசரின் கரைந்து மண்ணில் இறங்கும். அடுத்து வரும் வெயிலில் இளக்கி இழந்த தாள், காய்ந்த அப்பளமாகிப் பிளக்கும். கிளிசரினால் மண்ணுக்குக் கெடுதல் இல்லை; நுண்ணுயிர்கள் அதை உண்டுவிடும். கெடுதல் பயிருக்குத்தான். நடுப்பருவத்தில் போர்வை கிழிந்தால் களை முளைக்கும். செலவிட்ட பணம் வீண்.

கிளிசரினுக்குப் பதிலாகச் சார்பிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அது ஈரத்தை அவ்வளவு இழுப்பதில்லை. ஆனால் நாளடைவில் கற்கண்டு போல் படிந்து வெளியே வந்துவிடுகிறது. எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்கள் தண்ணீரில் கரையா. மக்காச்சோளத்திலுள்ள சீன் என்னும் புரதத்தை இளக்க அவை உதவுகின்றன. மற்றப் புரதங்களோடு அவை எளிதில் கலப்பதில்லை. எல்லாப் புரதத்துக்கும் எல்லா வானிலைக்கும் ஏற்ற ஓர் இளக்கி இன்னும் அமையவில்லை.

தாளை உறுதியாக்க இன்னொரு வழியும் உண்டு. பிரான்ஸ் நாட்டு மான்ட்பெல்லியே நகர ஆய்வாளர்கள் 1990-களில் பருத்திக்கொட்டை மாவிலிருந்து தாள் செய்தார்கள். பார்மால்டிஹைடு, குளூட்டரால்டிஹைடு போன்றவற்றைச் சேர்த்துப் புரத நூல்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டால் தாள் வலுப்பெறும் என்று காட்டினார்கள். பார்மால்டிஹைடு என்பது கோழிப் பண்ணைகளில் கிருமி நீக்கத் தெளிக்கும் பார்மலினில் உள்ள அதே பொருள். கண்ணையும் மூச்சையும் எரிக்கும் பொருளைச் சேர்த்த ஒரு தாளை, இயற்கைத் தாள் என்று சொல்லி விற்பது நேர்மையாகாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரவில் காட்டுப்பன்றியும் பகலில் மயிலும் வந்து போகும் தோட்டத்தில், கடலைப் புரதத்தை விரித்து வைத்தால் அவை சும்மா போகுமா? ஆய்வுக்கூடத்தில் எலியும் இல்லை, எறும்பும் இல்லை. இதைத் தோட்டத்தில்தான் சோதிக்க முடியும்.

இரண்டாம் காரணம்: ஏக்கர் கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். ஆனால் புதுச் சரக்கு வாங்கும்போது கணக்குப் பார்க்காவிட்டால் உழுத நிலமே மிஞ்சாது.

பாத்திக்குப் பாத்தி 5 அடி இடைவெளி, சீட்டின் அகலம் 4 அடி என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,700 மீட்டர் நீளம் சீட்டு தேவை. 400 மீட்டர் ரோல் என்றால் சுமார் 7 ரோல். 25 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் சீட்டானால் இதன் மொத்த எடை 75 கிலோ அளவில் நிற்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

புண்ணாக்குத் தாள் 25 மைக்ரானில் தாங்காது. 100 மைக்ரானாவது வேண்டும் என்று கொள்வோர் கணக்கில், அதே ஏக்கருக்கு ஏறக்குறைய 400 கிலோ தாள் தேவைப்படும். அதில் 300 கிலோ புரதம். 90 கிலோவுக்குச் சற்று மேல் கிளிசரின். கடலைப் புண்ணாக்கில் 100-க்கு 45 பங்கு புரதம் இருந்து, அதில் 70 சதவீதம் பிரித்தெடுக்க முடிந்தால், 300 கிலோ புரதத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் புண்ணாக்கு வேண்டும். கிளிசரினுக்கோ 650 கிலோவுக்கு மேல் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க வேண்டும்.

ஒரு டன் புண்ணாக்கு என்பது, நாளுக்கு 2 கிலோ வீதம் ஒரு கறவை மாட்டுக்கு 500 நாள் தீனி. ஓர் ஏக்கர் தக்காளியை நான்கைந்து மாதம் போர்த்தி வைக்க இத்தனையும் போக வேண்டுமா? இன்றைய புண்ணாக்கு விலையை இதில் பெருக்கிப் பார்த்தால் விடை தானே தெரியும். அதன்மேல் ஆலைச் செலவு வேறு.

தாள் மக்கியதும் எருவாகும் என்பது உண்மையே. புரதத்தில் 100-க்கு 16 பங்கு தழைச்சத்து. 300 கிலோ புரதம் மக்கினால் 48 கிலோ தழைச்சத்து மண்ணில் சேரும். இரண்டு மூட்டை யூரியாவுக்கும் மேலான அளவு இது. ஆனால் புண்ணாக்கை நேரடியாக மண்ணில் இட்டாலும் தழைச்சத்து கிடைக்கத்தான் செய்யும். நடுவே ஓர் ஆலையைச் சுற்றி வர வேண்டியதில்லை.

கடலைப் புரதத்துக்கு அதைவிட உயர்ந்த பயனும் உண்டு. 1950-ல் துவங்கிய மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கடலைப் புரதத்தைப் பிரித்துப் பாலோடு கலந்து மில்டோன் என்ற பானத்தை உருவாக்கிக் காட்டியது. குழந்தை குடிக்கத் தகுந்த பொருளை மண்ணில் போர்த்துவது கடைசி யோசனையாகத்தான் இருக்க முடியும்.

கடலையில் நூல் நூற்ற கதை

இந்தப் பாதையில் முன்பே ஒருவர் நடந்து பார்த்திருக்கிறார். பிரிட்டனின் ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயனக் கம்பெனி, நிலக்கடலைப் புரதத்திலிருந்து ஆர்டில் என்ற நூலிழையை உருவாக்கியது. கம்பளியோடு கலந்து நெய்தால் துணி மென்மையாக இருந்தது. 1951-ல் ஸ்காட்லாந்தின் டம்ஃபிரீஸ் நகரில் ஆலை தொடங்கினார்கள். நனைந்தால் இழை வலுவிழந்தது. மலிவான செயற்கை நூல்கள் வேறு சந்தைக்கு வந்தன. 1957-ல் ஆலையை மூடிவிட்டார்கள்.

அது பெரிய கம்பெனி, நட்டத்தைத் தாங்கிக்கொண்டது. இரண்டு ஏக்கர் விவசாயி தாங்குவாரா? கொங்கு நாட்டுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தரிசெல்லாம் காட்டாமணக்கு நட்டால் டீசல் வடியும் என்றார்கள். நட்டவர்களில் பலர் பிறகு வேரோடு பிடுங்கினார்கள். 2012-ல் ஈமுக் கோழி வளர்ப்பு நிறுவனங்கள் கவிழ்ந்தபோது முன்பணம் கட்டியவர்கள் தெருவில் நின்றார்கள். ஈமுவில் மோசடி, காட்டாமணக்கில் அவசரம். இரண்டிலும் தோட்டத்தில் சோதித்துப் பார்க்கும் முன்பே விவசாயியின் பணம் உள்ளே போய்விட்டது.

எங்கே பயன்படும்?

இதனால் புரதத் தாளே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. ஏக்கரை மூட அது உதவாது. கிராம் கணக்கில் தேவைப்படும் இடத்தில் உதவக்கூடும்.

முதலாவது, நாற்றுப் பை. பப்பாளி நாற்றைச் சிறு பாலித்தீன் பையில் வளர்த்து, நடும்போது கிழித்து எறிகிறார்கள். 1.8 மீட்டர் இடைவெளியில் ஓர் ஏக்கருக்குச் சுமார் 1,250 நாற்று. பைக்கு 10 கிராம் என்றாலும் மொத்தம் பன்னிரண்டரைக் கிலோதான். 400 கிலோவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தப் பை ஆறேழு வாரம் தாங்கினால் போதும். பிறகு பையோடு நட்டுவிடலாம், வேர் அறுபடாது, பை மக்கி நாற்றுக்கே உரமாகும். சீக்கிரம் மக்குவது மூடாக்குக்குக் குறை; நாற்றுப் பைக்கு அதுவே நிறை.

இரண்டாவது, விதைப் பூச்சு. கிலோ விதைக்குச் சில கிராம் பூச்சுப் பொருளே போதும். மருந்தையும் உயிர் உரத்தையும் விதையில் ஒட்டவைக்கும் மெல்லிய படலமாக இது அமையலாம். இங்கும் இளக்கியின் அளவு சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் பூச்சு உதிரும். கூடினால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பழத்தின்மேல் பூசும் மேல்பூச்சு. மக்காச்சோளப் புரதமான சீன், மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் கொட்டைப் பருப்புகளுக்கும் மேல்பூச்சாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால் வாயில் போகும் பொருளில் மலிவான தொழிற்சாலைக் கிளிசரினைக் கலக்கவே கூடாது. 1986-ல் பம்பாயில் அரசு மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் கலந்திருந்ததால் 14 பேர் இறந்தார்கள். பார்வைக்கு இரண்டும் நிறமற்ற, இனிப்பான திரவங்களே. பழத்துக்கு வீட்டிலேயே பூச்சு தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால், உணவுத் தரச் சான்று பெற்ற கிளிசரின் தவிர வேறெதையும் தொடக் கூடாது.

மாடு தின்னாத புண்ணாக்கு இருக்கிறதே!

இந்த நாற்றுப் பைக்கும்கூடக் கடலைப் புண்ணாக்கு எதற்கு? ஆமணக்குப் புண்ணாக்கில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. மாட்டுக்குப் போட முடியாது. எருவாக மட்டுமே பயன்படுகிறது. அதிலும் புரதம் இருக்கிறது. உலகில் ஆமணக்கு விளைச்சலில் முதலிடம் இந்தியாவுக்கே. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. விளக்கெண்ணெயிலிருந்து பெறும் பொருள்கள் பி.வி.சி.க்கு இளக்கியாகவும் பயன்படுகின்றன. ஒரே விதையில் தாளுக்கான புரதமும் அதை இளக்கும் பொருளும் கிடைக்குமா என்று பார்ப்பது பயனுள்ள ஆராய்ச்சி. ரைசினின் நஞ்சை முறித்த பிறகே அது விவசாயி கைக்கு வர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாட்டின் தீனியைப் பறிக்காமல், மாடு தொடாததை எடுத்துப் பண்டமாக்குவதே முறை. அரசு பணம் செலவிடுவதானால் இந்த வரிசையில் செலவிட வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நாளைக்கு ஒரு விற்பனையாளர் மக்கும் தாள் என்று ஒரு ரோலைக் கொண்டுவந்து தோட்டத்து வாசலில் நிறுத்தினால் விவசாயப் பெருமக்கள் கேட்க வேண்டியவை இவை:

இளக்கி எது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

மழையில் நனைந்து, பிறகு காய்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு முழத் துண்டை வாங்கி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மடக்கிப் பார்க்கலாம். மடக்கிய இடத்தில் உடைந்தால் அது வயலுக்கு ஆகாது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

எங்கே மக்கும்? மக்கும் பிளாஸ்டிக்குக்கு இந்தியாவில் ஐ.எஸ். 17088 என்ற தரம் உள்ளது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும். ஆனால் அந்தத் தரம் பெரிய உரக்கிடங்குகளின் சூட்டில் மக்குவதைக் குறிப்பது. தோட்டத்து மண்ணில் அவ்வளவு சூடு இல்லை. மண்ணிலேயே மக்க வேண்டிய மூடாக்குத் தாளுக்கு ஐரோப்பாவில் 2018-ல் இ.என். 17033 என்ற தனித் தரம் வகுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் மக்கியாக வேண்டும் என்கிறது அது. வெறுமனே பொடிப்பொடியாக உதிரும் ஆக்சோ வகை பிளாஸ்டிக், மக்கும் தாள் ஆகாது. அதை ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் தடை செய்துவிட்டது.

முன்பணம் எவ்வளவு? இதற்கு ஒரே பதில்தான்: ஒரு பைசாவும் இல்லை.

அதுவரை என்ன செய்வது?

பாலித்தீன் சீட்டையே பயன்படுத்துவோர் மிக மெல்லிய மலிவுச் சீட்டைத் தவிர்க்க வேண்டும். மெல்லியது கிழிந்து மண்ணில் தங்கும். இதனால் பெரும் பாதிப்புக்குள்ளான சீனா, 2018 முதல் 10 மைக்ரானுக்குக் குறைந்த மூடாக்குச் சீட்டைச் செய்யக் கூடாது என்று சட்டமே போட்டது. அறுவடை முடிந்ததும் செடிகளை அப்புறப்படுத்தி, ஓரத்து மண்ணைத் தளர்த்திவிட்டுச் சுருட்டினால் சீட்டு பெரும்பாலும் முழுதாக வரும். கொளுத்துவது கூடவே கூடாது. மானியம் கொடுத்துச் சீட்டு போடச் சொல்லும் அரசு, பழைய சீட்டைத் திரும்பப் பெறவும் ஏற்பாடு செய்ய வேண்டும். விரிக்கும்போது உதவிய கை, சுருட்டும்போது விலகிக்கொள்வது நியாயமில்லை.

தோப்பிலும் வாழையிலும் சீட்டே தேவையில்லை. தென்னை ஓலை, மட்டை, பாக்கு மட்டை, கரும்புச் சோகை எல்லாம் இருக்கின்றன. இளக்கி தேவைப்படாத மூடாக்கு அது.

கோவையில் 1906-ல் வேளாண்மைக் கல்லூரியாக வேரூன்றி 1971-ல் பல்கலைக்கழகமான நிலையம், தொண்டாமுத்தூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. புரதத் தாள் எதுவானாலும் கடைக்கு வரும் முன், இந்த வட்டாரத்துச் செம்மண்ணிலும் கரிசலிலும், ஆடிக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் ஒரு முழுப் பருவம் விரித்துப் பார்த்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் சொல்ல வேண்டும். தோற்றால் தோற்றது என்றே சொல்ல வேண்டும். சோதனைச் செலவு அரசுடையதாக இருக்கட்டும். அது சிறு விவசாயியின் தலையில் விழக் கூடாது.

நல்ல பண்டம் வந்தால் கொங்கு விவசாயி அதை ஏற்கத் தயங்கியதில்லை. மோட்டாரையும் ஒட்டுரக விதையையும் சொட்டு நீரையும் ஏற்றவர்தான் அவர். மக்கும் தாளையும் ஏற்பார். நனைத்துக் காயவைத்து மடக்கிப் பார்த்து, அது உடையாமல் வளைந்த பிறகு ஏற்பார்.